சட்டம் எங்கே பிறக்கிறது?

வழக்கம், சபைத் தீர்மானம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு - சட்டத்தின் ஊற்றுகள் இவை.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபை வகுத்த தேர்தல் விதிகள் அங்கே உள்ளன. அரசனின் அதிகாரி உடனிருக்க, சபை கூடி முடிவு செய்தது.

ஊரில் 30 குடும்புகள். தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான்.

வயது 35 முதல் 70 வரை. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை!

ஆனால், அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். உழுதவருக்கும் நெய்தவருக்கும் இடம் ஏது?

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

சட்டம் இருந்தால் போதாது; அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதுவே நீதி.