அந்நியர் முன் வைக்கும் வாதம்

பணம் உடையவர் ஒருவரை அணுகி, "இன்ன தொழில் தொடங்கப் போகிறேன், இவ்வளவு முதல் வேண்டும்" என்று கேட்பது வியாபாரம் தோன்றிய நாள்தொட்டு உள்ள வழக்கம். ஆனால் கேட்பவர் முன்பின் அறியாதவராகவும், அவர் சொல்லும் தொழில் உலகம் இதுவரை கண்டிராததாகவும் இருக்கும்போது, ஊர்ப் பழக்கமும் குடும்பப் பெயரும் செய்து வந்த வேலையைச் சில காகிதங்களே செய்து தீர வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட்அப் எனப்படும் புதுத்தொழில்களை நடத்துவோர் முதலீட்டாளர் முன் வைக்கும் 'பிட்ச் டெக்' இந்த அவசியத்திலிருந்து பிறந்ததே. டெக் என்ற சொல் சீட்டுக்கட்டைக் குறிக்கும். இங்கே சீட்டுகள் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகள். பார்வைக்கு அது அலங்காரமான படத் தொகுப்புப்போலத் தோன்றினாலும், உண்மையில் ஒரு வாதமாகும்; ஒரு ஸ்லைடு எழுப்பும் சந்தேகத்துக்கு அடுத்த ஸ்லைடு சமாதானம் சொல்லி, அந்தச் சமாதானம் எழுப்பும் சந்தேகத்தை அதற்கடுத்தது ஏற்றுக்கொண்டு நடக்க வேண்டிய, நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுதும் தளர்ந்துவிடுகிற சங்கிலி அது.

இதை விளக்க ஏர்பிஎன்பி நிறுவனத்தின் ஆரம்ப கால டெக்கை எடுத்துக்கொள்கிறேன். 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று கூடியபோது விடுதிகளெல்லாம் நிரம்பிவிட, வாடகை கட்ட வழியின்றி இருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரு இளைஞர்கள் தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகள் மூன்றை விரித்து, தலைக்கு 80 டாலர் பெற்று மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். பின்பு நேதன் பிளெச்சார்சிக் என்ற பொறியாளரும் சேர, அந்த அனுபவம் தொழிலாயிற்று.

அவர்களுடைய டெக்கின் முதல் ஸ்லைடில் பெயரும், விடுதிக்குப் பதிலாக உள்ளூர்வாசிகளிடம் அறை பெறலாம் என்ற ஒரே வாக்கியமும்தான் உண்டு. அடுத்தது குறையைக் கூறும் ஸ்லைடு: பயணிக்குச் செலவு பெரிய கவலை, விடுதியில் தங்குபவன் ஊரோடு ஒட்டாமல் திரும்புகிறான், உள்ளூர்வாசி ஒருவர் வீட்டில் அறை பெறவோ, தாமே அறை கொடுக்கவோ எளிய வழி இல்லை. கணினியைப் பற்றியோ நிரலைப் பற்றியோ ஒரு சொல்லும் இங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் கருவியின் பெருமையில் ஆரம்பிப்பதே புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. யாருக்கு என்ன குறை என்பது தெளிவாகாத வரையில், அந்தக் கருவி எத்தனை நுட்பமானதாயினும் கேட்பவருக்கு அது அக்கறையற்ற விஷயம்தான்.

நமது தர்க்க நூலார் அறிவுக்கு வாயிலாகக் காட்சி, கருதல், உரை, உவமை முதலிய அளவைகளை வகுத்திருக்கிறார்கள். நல்ல டெக் ஒவ்வொன்றிலும் இவை இடம்பெற்றிருக்கக் காணலாம். மக்கள் இத்தகைய ஏற்பாட்டை நாடுகிறார்கள் என்பதற்கு, கவுச்சர்ஃபிங், கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆகிய தளங்களில் ஏற்கெனவே இருந்த பயனர், தங்குமிட விளம்பர எண்ணிக்கைகளை ஏர்பிஎன்பியார் எடுத்துக் காட்டினார்கள், இது காட்சி. தங்கிச் சென்றவர்களின் வாய்மொழியையும் சேர்த்தார்கள், இது உரை. 2004-இல் லிங்க்ட்இன் நிறுவனத்துக்காக அதன் நிறுவனர்களுள் ஒருவரான ரீட் ஹாஃப்மன் முதலீடு கேட்டபோது வருமானம் என்று காட்ட ஒன்றுமே இல்லாமையால், வலைப்பின்னலால் வளர்ந்த ஈபே, கூகுள் போன்றவற்றோடு தம் தொழிலை ஒப்பிட்டு வாதித்தார், இது உவமை.

கருதல், அதாவது அனுமானம், சந்தையின் அளவைச் சொல்லும் ஸ்லைடில் வருகிறது. டெக்கிலேயே கடினமான இடம் இதுதான். ஏர்பிஎன்பி டெக்கின் பிரதிகளுள் ஒன்றில், ஒன்றனுள் ஒன்றாக மூன்று வட்டங்கள் இருக்கின்றன. உலகில் பதிவாகும் பயணங்கள் 190 கோடி; அவற்றுள் சிக்கனமாகவும் இணையவழியாகவும் பதிவாகுபவை 53 கோடியே 20 லட்சம்; அவற்றுள் தங்களுக்குக் கிட்டும் என எதிர்பார்ப்பது ஒரு கோடியே 6 லட்சம். இரவுக்கு 70 டாலர் வீதம் மூன்று இரவுக்கு 210 டாலர், அதில் பத்து சதவீதத் தரகு ஏறத்தாழ 20 டாலர்; அதைக் கொண்டு பெருக்கினால் 20 கோடி டாலருக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கின் இரு பகுதிகளும் ஒரே தரத்தன அல்ல என்பது என் அபிப்பிராயம். தரகுக் கணக்கைக் கேட்பவர் கையிலேயே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் 53 கோடியிலிருந்து ஒரு கோடிக்கு இறங்கும்போது, எடுத்துக்கொள்ளும் இரண்டு சதவீதப் பங்கு ஏன் ஒன்றாகவோ அரையாகவோ இருக்கலாகாது என்ற கேள்விக்கு அதில் ஆதாரம் இல்லை. மேலிருந்து சதவீதம் போட்டு இறங்குவதைக் காட்டிலும், ஓர் ஊரில் எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை இரவு எனக் கீழிருந்து ஏறிவரும் கணக்கே உறுதியானது.

போட்டியாளர், குழுவினர் பற்றிய ஸ்லைடுகளை விரிக்க வேண்டியதில்லை. இறுதியில் கேட்கும் தொகை மட்டும் தனியே நில்லாமல், அது எதுவரை கொண்டுசேர்க்கும் என்பதோடு நிற்க வேண்டும்: 5 லட்சம் டாலர், பன்னிரண்டு மாதம், 80,000 பதிவுகள் என்று அவர்கள் எழுதினார்கள்.

டாக்சென்ட் என்ற நிறுவனம் 2015-இல் இருநூறு ஸ்டார்ட்அப்களை ஆராய்ந்ததில், முதலீட்டாளர் ஒரு டெக்கைப் படிக்கச் செலவிடும் நேரம் சராசரியாக 3 நிமிடம் 44 விநாடி என்று தெரிந்தது. ஆகையால் ஸ்லைடின் தலைப்பு 'சந்தை' என்ற வெறும் சொல்லாக இராமல், சொல்லவந்த முடிவையே தாங்கிய முழு வாக்கியமாக இருப்பது நலம். தலைப்புகளை மட்டும் படித்துச் செல்பவருக்கும் வாதம் முழுதும் விளங்கிவிடும். எழுத்தின் அளவு முப்பது புள்ளிக்குக் குறையலாகாது என்ற, தொழில் எழுத்தாளர் கய் கவாசாகியின் விதிக்கும் உட்பொருள் உண்டு. பெரிய எழுத்தில் எழுதும்போது இடம் குறைந்து, எது முக்கியம் என்று எழுதுபவரே நிர்ணயிக்க வேண்டி வருகிறது.

ஏர்பிஎன்பியாரின் வாதமும் உடனே வென்றுவிடவில்லை. 2008 ஜூனில் பத்து சதவீதப் பங்குக்கு ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு, செஸ்கி ஏழு முதலீட்டாளர்களுக்கு அறிமுகமானார். ஐவர் மறுத்தார்கள், இருவர் பதிலே தரவில்லை. சந்தை போதிய அளவு பெரிதாகத் தோன்றவில்லை என்பது ஒரு மறுப்பு. கடன் மிஞ்சவே, அவ்வாண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி, வேட்பாளர்களான ஒபாமா, மெக்கெய்ன் உருவம் அச்சிட்ட அட்டைகளைத் தாமே மடித்துப் பசையிட்டுப் பெட்டியாக்கி, காலை உணவுத் தானியத்தை நிரப்பி, பெட்டி 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். ஆண்டின் இறுதியில், புதுத்தொழில்களுக்கு முதல் தரும் ஒய் காம்பினேட்டர் என்ற நிறுவனத்தின் நேர்காணலிலும், அந்நியரை வீட்டில் தங்கவைக்கும் யோசனையில் அதன் நிறுவனர்களுள் ஒருவரான பால் கிரஹாமுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. எழுந்து செல்லும் தறுவாயில் கெபியா அந்தப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டறிந்த பிறகு, தானியத்தை அந்த விலைக்கு விற்றவர்கள் எளிதில் மடியமாட்டார்கள் என்று கருதி, அவர் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 2009 ஏப்ரலில் சிக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 6 லட்சம் டாலர் கொடுத்தது.