வயலில் இரும்புச் சில்லு, மேடையில் காந்தம்

நாவுலப் பக்கம் பெரும்போகம் தொடங்கினால், ஏ9 வீதியில் பெட்டியை இழுத்துக்கொண்டு டயரில் ஓடும் கை உழவு இயந்திரம் வயலில் இறங்கும்போது சில்லை மாற்றிக்கொள்ளும். டயரைக் கழற்றிவிட்டு, குறுக்குப் பட்டைகள் வைத்த இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். எஞ்சின் அதேதான். டயர் சேற்றில் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். இரும்புப் பட்டை சேற்றுக்குள் இறங்கி, அதை உதைத்து நகரும்.

சண்டை ரோபோ கட்டுபவர்களின் தலைவலியும் பிடிமானம்தான். புதிதாகக் கட்டுபவர் முதலில் பெரிய மோட்டரைத்தான் தேடுவார். ஆனால் தட்டையான தரையில் தள்ளும் விசை, சில்லின் மேல் விழும் பாரத்தை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவதைத் தாண்டாது.

15 கிலோ ரோபோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 147 நியூட்டன். குணகம் 0.9 என்றால், எல்லாச் சில்லுகளும் இயங்கினாலும் 132 நியூட்டனுக்கு மேல் தள்ள முடியாது. 5 சென்ரிமீற்றர் ஆரமுள்ள சில்லுகளுக்கு மொத்தம் 6.6 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை போதும். மிச்சமெல்லாம் டயரைத் தேய்க்கத்தான். குறைந்தாலோ ஆபத்து: எதிராளியோடு முட்டி நிற்கையில் சில்லு வழுக்காமல் இறுகிவிடும், மின்னோட்டம் எகிறி மோட்டர் கருகும். அதனால்தான் மோட்டர் திணறுவதற்கு முன் சில்லு வழுக்கும்படி பற்சக்கர விகிதத்தை வைக்கிறார்கள்.

முன்பக்கச் சரிவுத் தகடு தரையில் உரசிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு பாரத்தைத் தாங்கினால், தள்ளும் விசையிலும் அவ்வளவு போய்விடும். அதே தகட்டின் மேல் எதிராளி ஏறிவிட்டால் கதை தலைகீழ். அவனுடைய பாரத்தில் ஒரு பகுதி நம் சில்லுக்கு வந்துவிடும்.

மென்மையான இறப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். இரும்புத்தூள் ஒட்டிய டயரை, சுற்றுக்குச் சுற்று ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான்.

எடை வரம்பை மீறாமல் பாரத்தைக் கூட்ட வழி உண்டா? அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் போட்டியில் வரம்பு 250 இறாத்தல், சுமார் 113 கிலோ. தரை இரும்பு. 2015இல் வென்ற பைட் ஃபோர்ஸ், டாங்கியைப் போன்ற ஓடுபட்டிகளில் காந்தம் பதித்து வந்தது. காந்தம் தரையை இழுக்க இழுக்கப் பிடி இறுகும். தராசு அதைக் காணாது. 2018இல் அதே ரோபோ பட்டியை விட்டு சில்லுக்கு மாறி வந்தது. அந்த ஆண்டும் 2019இலும் கிண்ணம் அதற்குத்தான்.