செய்யாத கொலையை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்?

நியூசிலாந்தின் டெய்னா போரா 1993-ல், 17 வயதில், ஒரு கொலையில் தனக்கும் பங்குண்டு என்று போலீஸிடம் சொன்னார். கொலை நடந்த வீட்டைக் காட்டச் சொன்னால், காட்டத் தெரியவில்லை! பிறகு ஏன் சொன்னார்?

பதில் அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கர்ப்பிணி குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் எட்டும். அதை முறிக்கும் பக்குவம் பிஞ்சுக் கல்லீரலுக்கு இல்லை. வளரும் மூளை அடிபடலாம்.

புள்ளிகள் விடுபட்ட கோலத்தை நினைத்துப் பாருங்கள். கை நிற்காது, குத்துமதிப்பாக இழுத்து முடித்துவிடும். கருவிலேயே இப்படி மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் சிலரின் நினைவும் அப்படித்தான். விடுபட்ட இடத்தில் கேட்டதையும் ஊகித்ததையும் இட்டு நிரப்பும். பொய்யல்ல, சொல்பவருக்கே அது நிஜம். போதாததற்கு, எதிரே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் சுபாவம் வேறு.

விசாரணை அறைக்கு இதைவிட ஆபத்தான சேர்க்கை உண்டா?

போராவுக்கும் இந்தக் குறைபாடு இருந்தது அவர் பெரியவரான பிறகே தெரிந்தது. 2015-ல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம், அவரைக் குற்றவாளி என்ற தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன.