தூனிஸ் நகரில் ஒரு ஸலாம்



ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரை அல்குர்ஆன் எண்ணிச் சொல்கிறது. அவர்களுள் ஒருவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் அவர் செல்வந்தராகவே இருக்கலாம். ஆயினும் பயணத்தில் கைப்பொருள் இழந்து நின்றால் ஸகாத்தில் அவருக்கும் பங்குண்டு. பயணியின் தேவையை மார்க்கம் அந்த அளவுக்கு மதித்திருக்கிறது. ஆனால் பணத்தாலும் உணவாலும் தீராத ஒரு தேவையும் பயணிக்கு உண்டு. அது எதுவென்று விளங்கிக் கொள்ள, உலகம் சுற்றிய ஒருவரின் முதல் பயணத்தைச் சற்றுப் பார்ப்போம்.

தனியே புறப்பட்ட இளைஞர்

இப்னு பதூதாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1344ஆம் ஆண்டு நமது நாட்டுக்கும் வந்தவர்; புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவா ஆதம் மலைக்குச் சென்றவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு நாடாகத் திரிந்த மாவீரர் என்றே அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் அவரும் ஒரு நாள், யாரையும் தெரியாத ஊரின் வாசலில் நின்று தேம்பி அழுதவர்தாம்.

ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூனில், மொரோக்கோவின் தான்ஜியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். வயது இருபத்தொன்று. கூட ஒரு தோழரும் இல்லை. உம்மாவும் வாப்பாவும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்த வேதனை இரு தரப்பாரையும் வாட்டியது.

வழியில் வணிகர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொண்டார். பிஜாயா நகரில் காய்ச்சல் கண்டது. குணமாகும் வரை தங்கும்படி உடன் வந்தவர் சொல்லியும் கேட்கவில்லை. மௌத்து வருவதானால் மக்காவை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்று இருந்துவிட்டார். பலவீனம் மிகுந்தபோது, விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். இத்தனைக்கும் அவர் அழுததாகச் சொல்லவில்லை.

நகர வாசலில்

அழுதது தூனிஸை அடைந்த பிறகுதான். கூட்டத்தில் வந்த பெரியார்களை வரவேற்க ஊர் மக்கள் திரண்டு வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக் கொண்டார்கள், சுகம் விசாரித்தார்கள். அந்த இளைஞருக்கு மட்டும் ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. அங்கே அவரை யாருக்குத் தெரியும்? நோயிலும் தளராத உள்ளம் அப்போது உடைந்தது. கண்ணீரை அடக்க முடியவில்லை.

கூட்டத்தில் வந்த ஹாஜி ஒருவர் அதைக் கவனித்தார். அழுகையின் காரணம் அவருக்கு விளங்கியது. அருகில் வந்து ஸலாம் சொன்னார். அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். நகருக்குள் நுழையும் வரை கூடவே வந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அதன் பின் வந்த நாட்களைப் பாருங்கள். இப்னு பதூதா அங்கே ஒரு மத்ரஸாவில் தங்கினார். ஜும்ஆவுக்குப் பின் பெரிய பள்ளிவாசலின் தூண் ஒன்றில் சாய்ந்து அமர்ந்து, மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஃபத்வா வழங்கும் ஆலிமைக் கண்டார். நாற்பது கேள்விகள் முடிந்ததும் அந்த ஆலிம் எழுந்து போய்விடுவாராம். நோன்புப் பெருநாளும் அங்கேயே வந்தது. மக்கள் அழகிய ஆடைகளோடு திடலில் கூடியதையும், சுல்தான் குதிரையில் வந்ததையும் பார்த்தார். ஹஜ்ஜுக் கூட்டம் புறப்பட்டபோது அதற்குக் காழியாக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? சில வாரங்களுக்கு முன் வாசலில் அழுது நின்ற அதே இளைஞர்தான்!

தமது பயண வரலாற்றை இப்னு பதூதா சொல்லி எழுதுவித்து முடித்தது 1355இல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஸலாமை அவர் மறக்கவில்லை. சொன்னவரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த நற்செயல் அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கும்.

மதீனாவின் முதல் போதனை

நமது நாயகம் (ஸல்) அவர்களும் பிறந்த மண்ணைப் பிரிந்து வேறோர் ஊருக்குப் போனவர்களே. மதீனாவை அடைந்ததும் மக்களுக்கு அவர்கள் முதலில் சொன்ன உபதேசத்தை அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) அறிவிக்கிறார்கள்: ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, உறவைப் பேணுவது, மக்கள் உறங்கும் வேளையில் தொழுவது. இவற்றுள் முதலில் நிற்பது ஸலாம்தான். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஸலாம் சொல்வது இஸ்லாத்தின் சிறந்த செயல்களுள் ஒன்று என்றும் நபியவர்கள் கற்பித்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கல்யாண வீட்டில் தெரிந்த முகங்களைத் தேடிப் போய் முஸாபஹா செய்கிறோம். சுவரோரம் தனியே அமர்ந்திருக்கும் புதியவரைக் கண்டால், "யாருடைய ஆள்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். அவரிடமே போய் ஒரு ஸலாம் சொன்னால் என்ன?

தூனிஸின் வாசல் நம் தெருவிலும் இருக்கிறது, சகோதரிகளே. பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்த குடும்பம், வேற்றூரிலிருந்து வந்த மருமகள், படிப்புக்காக விடுதியில் தங்கும் பிள்ளை, எல்லோருக்கும் முதல் சில நாட்கள்தாம் கடினமானவை. பெரிய விருந்து வேண்டியதில்லை. முதல் நாளே கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். தண்ணீர் வருகிறதா, கடை தெரியுமா, பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேளுங்கள்.

வறுமையின் காரணமாக மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போகும் நம் பெண்களையும் நினையுங்கள். மஹ்ரம் இல்லாத பயணத்தின் சட்டம் வேறாகப் பேச வேண்டியது. ஆனால் போய்விட்ட மகளின் முதல் இரவு நமக்குத் தெரியாத ஒன்றல்ல. பாஷை தெரியாத வீட்டில் அவளுடைய உள்ளம் ஒரு குரலுக்காக ஏங்கும். அழைப்பு வந்தால், "சம்பளம் எப்போது?" என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். "சாப்பிட்டாயா மகள்? தூங்கினாயா?" என்று கேளுங்கள். அங்கே அவளுக்கு ஒரு ஸலாம் கிடைக்க வேண்டுமென்று துஆச் செய்யுங்கள். இங்கே வந்திருக்கும் இன்னொருவரின் மகளுக்கு நீங்கள் ஸலாம் சொல்லுங்கள்.

அந்நியரின் கண்ணீரைக் கவனிக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.