கியே (கொரியச் சீட்டு)

கியே என்பது நம் ஊர்ச் சீட்டை ஒத்த கொரிய நிதிமுறை ஆகும். 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் முதலிய அமெரிக்க நகரங்களில் குடியேறிய கொரியர் பலர், இதன் வழியே மளிகைக் கடை, சலவைக் கடை போன்றவற்றைத் தொடங்கினர். அந்நாட்டில் முன்பு கடன் வாங்கிய பதிவு இல்லாதவர்களுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை.

எடுத்துக்காட்டாக, 20 பேர் மாதம் 1,000 டாலர் கட்டினால், மாதம் ஒருவருக்கு 20,000 டாலர் சேரும். முதலில் எடுப்பவருக்கு அது கடன். மீதி 19 மாதம் கட்டி அடைப்பார். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. முன்னதாக எடுப்பவர் கூடுதலாகக் கட்டுவதும் உண்டு.

பெரும்பாலும் ஈடு கேட்பதில்லை. உறவும் நட்பும் தேவாலயப் பழக்கமுமே பிணை. எடுத்தவர் கட்டத் தவறினால் பிறர் பணம் முடங்கும். ஆகவே ஆளறிந்து சேர்வதே இதற்குக் காப்பு.