தாடியில் ஜிகினா

தாடி நிறைய ஜிகினா, உடம்பில் பழைய பெண்கள் கவுன், தலையில் பூ. 1969 டிசம்பர் 31 இரவு, சான் பிரான்சிஸ்கோவின் பேலஸ் தியேட்டர் மேடையில் ஏறிய ‘காக்கெட்ஸ்’ ஹிப்பி நாடகக் குழுவின் அடையாளமே இந்தக் கோலம்தான். ஆண்களோடு பெண்களும் உண்டு. ஒத்திகையெல்லாம் பேருக்குத்தான்!

உள்ளூரில் கைதட்டல் அள்ளியவர்கள், 1971 நவம்பரில் நியூயார்க் போனார்கள். முதல் நாளே பிரபலங்கள் பலர் பாதி ஆட்டத்தில் எழுந்து நடையைக் கட்டினார்கள்.

அடுத்த ஆண்டே குழு கலைந்தது. அதில் பாடிய சில்வெஸ்டர், பின்னாளில் டிஸ்கோ நட்சத்திரம்.

டேவிட் வைஸ்மனும் பில் வெபரும் 2002இல் வெளியிட்ட ‘தி காக்கெட்ஸ்’ ஆவணப்படத்தில், பழைய படச்சுருள்களுக்கு நடுவே எஞ்சியிருந்த உறுப்பினர்களே இந்தக் கூத்தையெல்லாம் சொல்கிறார்கள்.