இலங்கை ஹர்த்தால், 1953

1953 ஆம் ஆண்டு ஹர்த்தால் என்பது, அரிசிக்கான அரசு மானியம் நீக்கப்பட்டதை எதிர்த்து 1953 ஆகத்து 12 அன்று இலங்கையில் நடைபெற்ற நாடு தழுவிய எதிர்ப்புப் போராட்டம் ஆகும். இலங்கை 1948 இல் விடுதலை பெற்ற பின்னர் அரசின் பொருளாதாரக் கொள்கைக்கு எதிராக எழுந்த முதலாவது பெரும் மக்கள் போராட்டமாக இது கருதப்படுகிறது. இதைத் தொடர்ந்து பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.

ஹர்த்தால் என்னும் சொல் குசராத்தி மொழியிலிருந்து வந்தது. கடைகளை அடைத்தும் வேலைக்குச் செல்லாமலும் எதிர்ப்பைத் தெரிவிப்பதை இச்சொல் குறிக்கும். இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் இது பரவலாக அறியப்பட்டது.

பின்னணி

அக்கால இலங்கைப் பொருளாதாரம் தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய மூன்று ஏற்றுமதிப் பயிர்களைச் சார்ந்திருந்தது. மக்களின் முதன்மை உணவான அரிசியின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியானது. எனவே, ஏற்றுமதிப் பொருட்களின் விலை வீழ்ந்து அரிசியின் விலை ஏறும்போதெல்லாம் நாட்டின் வருவாய் இரு பக்கமும் நெருக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிப் பங்கீட்டு முறை தொடங்கியது. போர் முடிந்த பின்னரும், அரசு அதிக விலைக்கு வாங்கிய அரிசியைக் குறைந்த விலைக்குப் பங்கீட்டில் வழங்கி வந்தது. இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடே மானியம் எனப்பட்டது.

1950 இல் கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை வெகுவாக உயர்ந்து, அரசின் வருவாயும் பெருகியது. இந்நிலை நீடிக்கவில்லை. 1952 அளவில் இறப்பர் விலை சரிந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறியது. இதற்கு ஒரு தீர்வாக, 1952 திசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்-அரிசி உடன்பாட்டைச் செய்துகொண்டது. இதன்படி ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பரை இலங்கை வழங்கும். 270,000 தொன் அரிசியைச் சீனா வழங்கும். அமெரிக்காவின் எதிர்ப்பை மீறி இவ்வுடன்பாடு செய்யப்பட்டது. எனினும் மானியச் சுமை முழுமையாகத் தீரவில்லை.

விலை உயர்வு

1952 பொதுத் தேர்தலின்போது, பங்கீட்டு அரிசி கொத்து ஒன்றுக்கு (ஏறத்தாழ 2 இறாத்தல்) 25 சதம் என்ற விலையில் தொடரும் என்று ஐக்கிய தேசியக் கட்சி வாக்குறுதி அளித்திருந்தது. அக்கட்சி வெற்றி பெற்றது. ஆனால் 1953 சூலையில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தனாவின் வரவு செலவுத் திட்டத்தை ஒட்டி இவ்விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. வாரத்தில் ஐந்து கொத்து வாங்கும் ஒரு குடும்பம் 1 ரூபாய் 25 சதத்துக்குப் பதிலாக 3 ரூபாய் 50 சதம் செலுத்த வேண்டியதாயிற்று.

இதனுடன் பாடசாலை மாணவர்களுக்கான இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. அஞ்சல், தொடருந்துக் கட்டணங்களும் உயர்த்தப்பட்டன. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு கரைந்து வருவதால் மானியத்தைத் தொடர இயலாது என்பது அரசின் வாதம். வாக்குறுதி அளித்து ஓராண்டு கடந்தவுடன் அதன் சுமை ஏழைகள் மீது ஏற்றப்பட்டது என்பது எதிர்த்தோரின் வாதம்.

போராட்டம்

லங்கா சமசமாஜக் கட்சி, இலங்கை கம்யூனிஸ்ட் கட்சி, பிலிப் குணவர்தனாவின் விப்லவகாரி லங்கா சமசமாஜக் கட்சி ஆகிய இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு நாள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. இலங்கைத் தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் இலங்கை சுதந்திரக் கட்சி அனுதாபம் தெரிவித்ததாயினும் நேரடியாகப் பங்கேற்கவில்லை.

ஆகத்து 12 அன்று கடைகள் மூடப்பட்டன. தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. மேற்கு, தெற்குக் கரையோரப் பகுதிகளில் எதிர்ப்பு மிகத் தீவிரமாக இருந்தது. மரங்களை வெட்டி வீதிகள் மறிக்கப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. நகரத் தொழிலாளருடன் கிராம மக்களும் பெருமளவில் ஈடுபட்டது இப்போராட்டத்தின் சிறப்பு ஆகும்.

அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டு, படையினர் அழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். இறந்தோர் தொகை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. பத்து அளவில் என்பதே பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. ஒரு நாளுக்கே திட்டமிடப்பட்ட போராட்டம் சில இடங்களில் மறுநாளும் தொடர்ந்தது. அதற்கு அப்பால் அதைக் கொண்டுசெல்லும் திட்டம் தலைவர்களிடம் இருக்கவில்லை.

விளைவுகள்

1953 அக்டோபரில் டட்லி சேனநாயக்கா உடல்நலக் குறைவைக் காட்டிப் பதவி விலகினார். அடுத்துப் பிரதமரான சர் ஜோன் கொத்தலாவலையின் அரசு அரிசி விலையை 55 சதமாகக் குறைத்தது. 70 சதம் கைவிடப்பட்டதாயினும், பழைய 25 சதம் உடனடியாகத் திரும்பவில்லை.

1956 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களை மட்டுமே பெற்றது. எனினும் அத்தேர்தலில் மேலோங்கி நின்றது மொழிச் சிக்கலே. மூன்றாண்டுகளுக்கு முன் அரிசி விலைக்காகச் சிங்கள இடதுசாரிகளுடன் ஒரே பக்கம் நின்ற தமிழரசுக் கட்சி, 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் போராட நேர்ந்தது.

ஹர்த்தாலுக்குப் பின் அரிசி மானியத்தில் கைவைக்க ஆட்சியாளர்கள் தயங்கினர். 1962 இல் பங்கீட்டைக் குறைக்க முன்வந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் அப்பதவியைத் துறந்தார். 1970 தேர்தலிலும் அரிசிப் பங்கீடு முதன்மையான வாக்குறுதியாக இருந்தது. அனைவருக்குமான அரிசிப் பங்கீடு 1978 இல் வருமானம் குறைந்தோருக்கு மட்டும் என மாற்றப்பட்டு, 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது நாட்டின் சனாதிபதியாக இருந்தவர், 1953 இல் நிதியமைச்சராக இருந்த அதே ஜே. ஆர். ஜெயவர்தனா ஆவார்.